"அக்கா, புயல் வருமா?" – வட சென்னையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலடிப்பேட்டையில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால், ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று புயலைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். 2016-இல் வர்தா அடித்த பிறகு நான் மொட்டை மாடியில் மழை அளக்க ஆரம்பித்தேன். அன்றன்றைய அளவைக் கடை வாசல் பலகையில் எழுதிப் போடுவேன். என் கொழுந்தனார் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார், கடல் பக்கத்துச் சேதி அவர் வழியாக வரும். கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்னு தினம் ஒண்ணு சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானா?

எல்லாம் ஒரே குடும்பம்தான். காற்றின் வேகம் ஏற ஏறப் பெயர் மாறுகிறது. மணிக்கு 31 கி.மீ. தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50-ஐத் தாண்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-க்கு வந்தால் புயல். புயலான பிறகுதான் பெயர் சூட்டுவார்கள். 89-க்கு மேல் தீவிரப் புயல், 118-க்கு மேல் இன்னும் கடுமையான வகை.

இந்தக் கணக்கில் மழைக்கு இடமே கிடையாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயர் இல்லை, ஏனென்றால் அது புயலே இல்லை. "வெறும் தாழ்வு மண்டலம்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இரவுதான் ஞாபகத்துக்கு வரும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு – இதுல எதுக்குப் பயப்படணும்?

மழையைப் பொறுத்தவரை, 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. தாண்டினால் கனமழை. 11.5 தாண்டினால் மிகக் கனமழை. 20.4-க்கு மேல் போனால் அதிகனமழை, அதற்குத்தான் பொதுவாகச் சிவப்பு. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செய்ய வேண்டியதை உடனே செய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20 செ.மீ. என்றால் எவ்வளவு என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. பெய்தால் சுமார் 9,300 லிட்டர். ஒரு பெரிய மெட்ரோ வாட்டர் லாரி அளவு. சிவப்பு எச்சரிக்கை நாளில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் இரண்டு லாரித் தண்ணீர் தெருவில் இறங்கப் போகிறது. உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். வட சென்னையில் காற்றைவிடத் தண்ணீரைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம். வீட்டைக் காலி பண்ணணுமா?

வேண்டாம். கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் சொல்கிற செய்தி. 1-ம் 2-ம் தூரக் கடலில் என்னவோ உருவாகியிருக்கிறது என்று பொருள். 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசலாம். 4 என்றால் பின்னால் புயல் தாக்கக்கூடும். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பேரபாயம், அதாவது தீவிரப் புயல். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

எண் பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் படிப்படியாக ஏறும் என்று நினைப்பது தப்பு. 5, 6, 7 மூன்றிலும் புயலின் வலு ஒன்றுதான், பாதைதான் வேறு. துறைமுகம் புயல் போகும் வழிக்கு இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கு 8, 9, 10-உம் இதே வரிசை. இடமா வலமா என்பது ஏன் முக்கியம் என்பது கீழே மாமல்லபுரம் கேள்வியில் வருகிறது.

பேரெல்லாம் யார் வைக்கிறாங்க? தமிழ்ப் பேரே கிடையாதா?

வங்கக் கடல், அரபிக் கடலைச் சுற்றியுள்ள 13 நாடுகள் தந்த பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கிறார்கள். வர்தா பாகிஸ்தான் தந்தது, மிக்ஜாம் மியான்மர் தந்தது. 2020-இல் வெளியான பட்டியலில் இந்தியா தந்த பெயர்களில் 'முரசு' இருக்கிறது.

அமெரிக்காவுல ஒரே நாள்ல நூறு சூறாவளி அடிச்சு ஊரே போச்சுன்னு வீடியோ வந்துச்சு. அது இங்கே வருமா?

நம் பத்திரிகைகள் புயலையும் டொர்னாடோவையும் 'சூறாவளி' என்றே எழுதுவதால் வரும் குழப்பம் இது. வீடியோவில் பார்த்தது டொர்னாடோ. இடிமேகத்திலிருந்து தும்பிக்கை போலத் தரை வரைக்கும் இறங்கும் சுழல். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான், ஆயுள் சில நிமிடங்கள். நம் புயல் நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம், நாள்கணக்கில் கடலில் கிடக்கும். அமெரிக்காவில் 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் ஒரே நாள் அளவில் 148 டொர்னாடோக்கள் இறங்கி 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011 ஏப்ரல் 27-இலும் அப்படி ஒரு கொடிய நாள். தெற்கிலிருந்து ஈரமான வெப்பக் காற்றும், மேற்கிலிருந்து வறண்ட காற்றும், மேலே வேகமாக ஓடும் காற்றோட்டமும் ஒரே சமயத்தில் ஒரு பெரிய சமவெளியின் மேல் சந்திப்பதால் அங்கே அப்படிக் கூட்டமாக இறங்குகிறது.

நம் பக்கத்தில் அந்த அமைப்பு கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியில்தான் உண்டு. 1989 ஏப்ரலில் வங்கதேசத்தில் ஒரே டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். மேற்கு வங்காளத்தின் ஜல்பைகுரியில் 2024 மார்ச் 31-இல் ஒன்று அடித்தது. சென்னையில் அப்படிக் கூட்டமாக வரும் என்று பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஊர்க்காரர்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அவர்களுக்கு எச்சரிக்கை கிடைப்பது சராசரியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால்தான். அதனால் எந்த அறைக்கு ஓடுவது, யார் பாட்டியைத் தூக்குவது என்றெல்லாம் வெயில் காலத்திலேயே பேசி வைத்திருப்பார்கள். நமக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே சேதி வந்துவிடுகிறது. அந்த இரண்டு நாளையும் டிவி பார்த்தே கழித்துவிடுகிறோம்.

நாமே பார்த்துத் தெரிஞ்சுக்க எது நல்லது?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளமும் 'மௌசம்' செயலியும் முதலில். மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' தமிழிலேயே இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் தரும் அலை உயர எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். பிரதீப் ஜான் போன்ற தனி ஆர்வலர்கள் எழுதுவதை நானும் படிக்கிறேன், மழை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாமரருக்கும் புரியும்படி எழுதுகிறார்கள். எச்சரிக்கை என்று வந்தால் மட்டும் வானிலைத் துறை சொன்னதே கணக்கு.

ராடார் படம் பார்ப்பவர்கள் கவனிக்க: அந்த டாப்ளர் ராடார் ராஜாஜி சாலையில் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு "சிவப்பா இருக்கு" என்று பரப்ப வேண்டாம். கடந்த ஒரு மணி நேரப் படங்களை ஓடவிட்டு, மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பாருங்கள். கடலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டி மாதிரி ஒரே இடத்தின் மேல் வந்துகொண்டிருந்தால் அதுதான் கெட்ட சேதி. தேதி இல்லாமல் வரும் ஃபார்வர்டு படங்களில் பல பழைய புயலுடையவை.

மிக்ஜாம் ஆந்திராவுலதானே கரையேறுச்சு? அப்புறம் ஏன் நாம மூழ்கினோம்?

கரையேறிய இடம் வேறு, மழை கொட்டிய இடம் வேறு. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் நமக்கு மிக அருகே கடலிலேயே மெதுவாக ஊர்ந்தது. வேகமாகப் போயிருந்தால் ஆறு மணி நேரத்தில் முடிந்திருக்கும் மழை விடாமல் பெய்தது. 5-ஆம் தேதி அது பாபட்லா அருகே கரையேறியபோது இங்கே மழை விட்டிருந்தது, தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது.

அதனால் "எங்கே கடக்கும்" என்று கேட்பதோடு "எவ்வளவு வேகத்தில் நகர்கிறது" என்றும் பாருங்கள். மணிக்கு 5 கி.மீ., 7 கி.மீ. என்று அறிக்கையில் வந்தால் நான் கடையில் கீழ்த் தட்டில் இருக்கும் பேப்பர் கட்டுகளை மேலே ஏற்றிவிடுவேன்.

மாமல்லபுரத்துல கடந்தா நமக்கு நல்லதா, பழவேற்காட்டுல கடந்தா நல்லதா?

நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயல் நமக்குத் தெற்கே கடந்தால் நாம் அதன் வலப்பக்கம். காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும், அலையைத் தூக்கிக்கொண்டு வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகேதான் கடந்தது. ஆனால் காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. நமக்கு வடக்கே கடந்தால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், அலை அவ்வளவு ஏறாது.

மழைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மிக்ஜாமில் நாம் இடப்பக்கம்தான் இருந்தோம்.

காத்து நின்னுடுச்சு, வெளியே போய்ப் பார்க்கலாமா?

கூடாது. வர்தா 2016 டிசம்பர் 12 பிற்பகலில் சென்னையின் மேலேயே கடந்தது. காலையிலிருந்து ஒரு பக்கமாக அடித்த காற்று சட்டென்று அடங்கியது. வானம்கூட வெளுத்தது. எங்கள் தெருப் பையன்கள் விழுந்த முருங்கையிலிருந்து கிளை ஒடிக்க வெளியே ஓடினார்கள். அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பியது. அதுவரை ஒரு பக்கம் சாய்ந்து தாக்குப்பிடித்த மரங்கள் மறுபக்கம் விழுந்தன. எதிர்வீட்டு மாடித் தகரம் ஒன்று சுழன்று வந்து, பையன்கள் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளிச் சுவரில் செருகி நின்றது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "புயல் முழுவதும் கடந்துவிட்டது" என்று அறிவிப்பு வரும் வரை கதவைத் திறக்காதீர்கள்.

செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்களாம், ஓடணுமா?

செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் போகிறது. நமக்கு வராது. நாம் கவனிக்க வேண்டிய பெயர்கள் பூண்டியும் புழலும். பூண்டியில் திறந்தால் கொசஸ்தலையாறு வழியாக மணலி புதுநகரைத் தொட்டு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வரும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் மூழ்கியது அப்படித்தான். புழல் உபரிக் கால்வாய் வடகரை, மணலி, சடையங்குப்பம் வழியாக வந்து அதே ஆற்றில் சேருகிறது.

எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதோடு, இரண்டு ஏரியும் ஒரே நாளில் திறக்கிறதா என்றும் பாருங்கள். சடையங்குப்பத்துக்காரர்களுக்கு அதுதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிற நேரம்.

மழை நின்னு ரெண்டு நாளாச்சு, தெருத் தண்ணி ஏன் வடியவே மாட்டேங்குது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டைத் தண்ணீர் எல்லாம் ஓட்டேரி நல்லா என்கிற ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழ வேண்டும். அது வடக்கே எண்ணூர் வரை போய்க் கடலைப் பார்க்க வேண்டும். நிலம் தட்டை, சரிவே இல்லை. கால்வாயின் குறுக்கே பாலங்களும் குழாய்களும், அடியில் சேறும் ஆகாயத்தாமரையும். இத்தனையையும் தாண்டி முகத்துவாரத்துக்கு வந்தால், அங்கே கடல் ஏறி நிற்கிறது.

சென்னையில் கடல் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் தட்டையான ஊருக்கு அந்த ஒரு மீட்டர் போதும். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்றம் கூடும். அதோடு கொண்டல் அல்லது வாடைக் காற்று தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளினால் கால்வாய்த் தண்ணீர் போக இடமில்லாமல் பின்னால் திரும்பும். அதனால் மழை அறிக்கையோடு காலண்டரில் திதியையும் பார்ப்பேன். தெருவில் மோட்டார் வைத்து இறைப்பவர்கள் தண்ணீரை எந்தக் கால்வாயில் விடுகிறார்கள் என்றும் கேளுங்கள். அது நிரம்பி நின்றால் அடுத்த தெருவுக்குத்தான் போகும். புகாருக்கு மாநகராட்சி எண் 1913. தெருவின் பெயரோடு தண்ணீர் எத்தனை அடி என்றும் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கிறது.

எங்களுது ஷீட் வீடு. எப்போ கிளம்பணும்?

ஆரஞ்சு வந்து, காற்று 60 கி.மீ.க்கு மேல் என்று சொன்னால், வெளிச்சம் இருக்கும்போதே. ஷீட்டின் மேல் செங்கல், கல், பழைய டயர் வைப்பது வழக்கம். பலத்த காற்றில் அந்தக் கல்லே உருண்டு உள்ளே விழுகிறது. கம்பியால் உத்தரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். கட்டிவிட்டு உள்ளே உட்காராதீர்கள், கான்கிரீட் கட்டடத்துக்குப் போங்கள்.

போகும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். காலி சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும், ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. அந்த வாரம் ஈரமான கார்டை விரலால் பிரித்துப் பிரித்து நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பாதியில் எழுத்தே இல்லை.

கரண்டை அவங்களே நிறுத்திட்டாங்களே, தண்ணியில நடந்தா என்ன?

எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் நிறுத்தியிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தும் மின்சாரம் வரலாம். ஈ.பி. பில்லர் பாக்ஸ், தெருவிளக்குக் கம்பம், இரும்பு கேட் எதையும் தொடாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் எண் 94987 94987. தண்ணீர் ஏறும் முன்பே உங்கள் மெயினை நீங்களே அணையுங்கள்.

படகை எப்படி விட்டுட்டு வரது? அதுதானே சோறு?

கொழுந்தனாரிடம் இதைக் கேட்டால் அவர் குரல் மாறிவிடும். விசைப்படகுக்கு முன்னும் பின்னும் இரட்டைக் கயிறு, படகுக்கும் படகுக்கும் இடையில் பழைய லாரி டயர். கயிற்றை இறுக்கிக் கட்டினால் அலை தூக்கும்போது அறுந்துவிடும், கொஞ்சம் தளர்வு வேண்டும். ஃபைபர் படகை எண்ணூர் நெடுஞ்சாலை வரை இழுத்துப் போட்டு, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இரவில் படகிலேயே படுத்துக் காவல் காப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கடலில் யாராவது மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல்படை 1554.

வீட்டுக்குள்ள வந்த தண்ணியில எண்ணெய் மிதக்குது. கழுவினா போகுமா?

மிக்ஜாமின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. எர்ணாவூரில் என் தோழி வீட்டுச் சுவரில் முட்டிக்கு மேலே ஒரு கருப்புக் கோடு. இரண்டு முறை வெள்ளையடித்தும் வெயில் காலத்தில் கசிந்து வெளியே வருகிறது.

உடம்பில் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, அப்புறம் சோப்பு. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்காதீர்கள், தோல் புண்ணாகும். அந்த வீட்டில் அடுப்போ விளக்கோ ஏற்ற வேண்டாம். அந்தத் தண்ணீர் சம்ப்பில் கலந்திருந்தால் கொதிக்க வைத்தாலும் குடிக்க முடியாது. கழுவும் முன் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், நிவாரணம் கேட்கும்போது அதுதான் சாட்சி.

சாக்கடை மட்டும்தான் கலந்திருக்கு, சம்ப் தண்ணிய எப்போ குடிக்கலாம்?

முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு மறுபடி கழுவிய பிறகுதான். அதன் பிறகும் சில வாரம் கொதிக்க வைத்தே குடியுங்கள். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "வெள்ளத்தில் நடந்தேன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

புயல் நேரத்துல கம்பெனியிலிருந்து வாயு கசிஞ்சா உள்ளே இருக்கணுமா, வெளியே ஓடணுமா?

மிகக் கஷ்டமான கேள்வி. மிக்ஜாம் போய் மூன்று வாரத்தில், 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறி ஓடினார்கள். அம்மோனியா என்றால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும். கண்ணைத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள். வெளியே இடுப்பளவுத் தண்ணீர் என்றால் ஜன்னல், கதவு இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, 112-ஐ அழையுங்கள். குப்பத்தில் காற்றின் திசை பார்க்க ஒரு துணியைக் கம்பத்தில் கட்டி வைத்திருப்பது இதற்கும் உதவும்.

போன தடவையும் ரெட் அலர்ட்னாங்க, ஒண்ணும் வரல. மாமியார் வர மாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?

2024 அக்டோபர் 16-ஐத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம், சொன்ன அளவு மழை இங்கே வரவில்லை. மழை மேகம் 50 கி.மீ. தள்ளிப் போனாலே நமக்கு வெயிலும் அடுத்த மாவட்டத்துக்கு வெள்ளமும். அந்த 50 கி.மீ.யை இரண்டு நாள் முன்னால் அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. எச்சரிக்கை கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

வயதானவர்கள் பெரும்பாலும் முகாமில் கழிப்பறை எப்படி இருக்கும், வீட்டுச் சாமானை யார் பார்ப்பார்கள் என்றுதான் தயங்குகிறார்கள். அதைக் கேட்டு வழி செய்தால் கிளம்பிவிடுவார்கள். முகாமுக்குப் பதில், இரண்டு தெரு தள்ளி மாடி வீட்டில் இருக்கும் சொந்தக்காரர் போதும். எங்கள் தெருக்கோடியில் எழுபத்தெட்டு வயது ஆயா ஒருவர், 2023-இல் கடைசி வரை அசையவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மார்பளவுத் தண்ணீரில் தலைக்கு மேல் தூக்கி வந்தார்கள். நான் முன்னால் டார்ச் பிடித்தேன். ஒருவர் கால் திறந்திருந்த சாக்கடைக் குழியில் இறங்கி நாற்காலி சாய்ந்தபோது ஆயா கத்தவில்லை, என் தோளை மட்டும் பிடித்தார். இப்போது பலகையில் ஆரஞ்சு என்று நான் எழுதிய அன்று சாயங்காலமே, மாத்திரைப் பையோடு எங்கள் கடைப் படியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.